ஃபெர்ம்வேர் புதுப்பித்த பின் எழ மறுக்கும் மினி கணினி: வட்டை அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான ஃபெர்ம்வேரைப் புதுப்பித்த கையோடு மினி கணினி எழாமல் போனால், வட்டை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடியும் போட்டுவிடலாம் என்ற யோசனைதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த சிறு கடைக்காரர்கள் சிலர் இந்த யோசனையைக் கேட்டு, பல ஆண்டுக் கணக்குகளையும் வாடிக்கையாளர் படங்களையும் இழந்திருக்கிறார்கள். இழந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஃபெர்ம்வேர் புதுப்பிப்பு நம் கோப்புகளைத் தொடுவதில்லை. கணினி எழுவதற்கு முன் பல படிகளைக் கடக்கிறது. அது எந்தப் படியில் நின்றுவிட்டது என்று கண்டுகொண்டால், பெரும்பாலான பழுதுகளை ஒரு கோப்பும் இழக்காமல் சரிசெய்துவிடலாம்.

ஃபெர்ம்வேர் குடியிருப்பது வட்டில் அல்ல. தாய்ப்பலகையில் எட்டுக் கால்களோடு ஒட்டப்பட்டிருக்கும் ஒரு சிறிய ஃபிளாஷ் சில்லில், வழக்கமாக 16 அல்லது 32 மெகாபைட் இடத்துக்குள், அது முழுவதும் அடங்கிவிடுகிறது. அதே சில்லின் ஒரு பகுதியில்தான் நாம் மாற்றிவைத்த அமைப்புகளும், எந்த வட்டில் எந்தக் கோப்பிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்க வேண்டும் என்ற பூட் பதிவுகளும் இருக்கின்றன. புதுப்பிப்பு அந்தச் சில்லைத் திரும்ப எழுதும்போது இந்தப் பகுதியும் பல கருவிகளில் வெறுமையாகிவிடுகிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரருக்கு முகவரி தெரியாத நிலை இது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்புகின்றன என்றால், பழைய பதிப்பின் ஆலை நிலைக்கு என்று பொருளல்ல. புதிய பதிப்பை எழுதியவர்கள் எதை ஆலை நிலை என்று முடிவு செய்தார்களோ அதற்குத் திரும்புகின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மடிக்கணினியைவிட மினி கணினிக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. மின்சாரம் போனாலும் கணினியை ஓட்டும் மின்கலம் மினி கணினிக்குள் கிடையாது. புதுப்பிப்பு நடக்கும்போது யாராவது சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டால் அந்த நொடியே எழுத்து வேலை பாதியில் நின்றுவிடும். ஒரே பெட்டி, ஒரே பெயர், ஆனால் உள்ளே வேறு தாய்ப்பலகை என்ற நிலையும் மலிவு விலைக் கருவிகளில் சாதாரணம். பெட்டியின் பெயரைப் பார்த்துத் தவறான கோப்பை இறக்கினால், அது பொருந்தாமல் போகலாம். இவை தவிர, விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஃபெர்ம்வேர் இறங்கும் கருவிகளில், மாலையில் கணினியை நிறுத்தும்போது புதுப்பிப்பும் சேர்ந்து ஓடிவிடும். மறுநாள் காலையில் கடையைத் திறப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் திருமணப் பத்திரிகை அச்சிடும் ஓர் அண்ணனின் கடையில் இப்படித்தான் நடந்தது. மூன்று ஆண்டுப் பழக்கமுள்ள இன்டெல் மினி கணினி அது. திரைக்குப் பின்னால் திருகி மாட்டப்பட்டிருந்தது. முதல்நாள் மாலையில் புதுப்பிப்பு ஓடியிருக்கிறது. காலையில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. அவர் கணினியை எடுத்துக்கொண்டு ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குப் போனார். மதர்போர்டு போய்விட்டது என்றார்கள்; அதே மூச்சில், வட்டை அழித்து விண்டோஸ் போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். மதர்போர்டு உண்மையிலேயே போயிருந்தால் விண்டோஸ் போட்டு ஆவதென்ன என்று அவருக்குச் சந்தேகம் வந்ததால்தான் என்னை அழைத்தார். "தம்பி, ஆவணிக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. ஃபோர்மெட் பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியுமா?" என்று அவர் கேட்டபோது, பெட்டியைத் திறக்காமல் அப்படியே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கருந்திரையில் முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பது. இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. டிடிஆர் 5 நினைவகம் உள்ள கணினிகள், ஒவ்வொரு நினைவகத் தகட்டோடும் எந்த நேர அளவில் பேச வேண்டும் என்பதை முதல் தடவை எழும்போது சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்து, அந்த முடிவைச் சேமித்துக்கொள்கின்றன. ஃபெர்ம்வேர் மாறினால் அந்தச் சேமிப்பும் போய்விடுவதால் சோதனை முழுவதும் முதலிலிருந்து நடக்கிறது. இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நினைவகம் பெரியதாக இருந்தால் இன்னும் கூடும். அவ்வளவு நேரமும் திரையில் ஓர் எழுத்துகூட வராது. பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி நிறுத்தினால் சோதனை மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கும். ஆகவே மின்னிணைப்பைக் கொடுத்து, பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, கால் மணி நேரமாவது அந்தப் பொத்தானைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் திரைக் கம்பியை இன்னொரு எச்டிஎம்ஐ துளைக்கோ டிஸ்பிளேபோர்ட்டுக்கோ மாற்றிப் பார்க்கலாம். புதிய ஃபெர்ம்வேர் படத்தை வேறு துளை வழியாக அனுப்பத் தொடங்கிவிட்டால், கணினி ஒழுங்காக எழுந்திருந்தும் நமக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

காத்திருந்தும் பயனில்லை என்றால் அமைப்புகளைத் துடைத்துப் பார்க்கலாம். அடாப்டரைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்த பிறகு, உள்ளே கடிகாரத்துக்காக இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ மின்கலத்தின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பல மினி கணினிகளில் அந்த மின்கலம் பலகையில் நேராகப் பொருத்தப்பட்டிருக்காது. நெகிழி உறைக்குள் சுற்றப்பட்டு, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு மெல்லிய கம்பிகளோடு ஒரு குட்டி இணைப்பியில் செருகப்பட்டிருக்கும். கம்பியைப் பிடித்து இழுத்தால் இணைப்பி பலகையிலிருந்தே பெயர்ந்து வந்துவிடும். நகத்தாலோ நெகிழிக் குச்சியாலோ இணைப்பியின் இரு தோள்களையும் மாறி மாறி நெம்பித்தான் எடுக்க வேண்டும். சில பெட்டிகளில் இதற்கென்றே ஊசித்துளை ஒன்றை வைத்திருப்பார்கள். அது இருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை.

அண்ணனின் கணினியில் மின்கலம் வரை போகத் தேவைப்படவில்லை. கடையில் மின்னிணைப்பைக் கொடுத்துவிட்டு அச்சு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே நிறுவன முத்திரை திரையில் வந்தது. அதற்கடுத்து வந்த நீலப்பக்கம் அவரை இன்னும் பயமுறுத்தியது. வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புத் திறவெண்ணைக் கேட்கும் பக்கம் அது. ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்கங்கள். தம் கணினியில் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. இதில் அவர்மேல் பிழையில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐ அமைக்கும்போது பல கருவிகளில் சாதனக் குறியாக்கம் தானாகவே நடந்துவிடுகிறது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் இது இன்னும் பரவலாக நடக்கும்.

வட்டை அழிக்கச் சொல்லும் யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பது இந்தப் பக்கத்தைப் பார்த்தால் புரியும். குறியாக்கம் செய்த வட்டை அழித்து அதன்மேல் விண்டோஸைப் போட்டுவிட்டால், கோப்பு மீட்கும் எந்த மென்பொருளாலும் பழைய கோப்புகளை எடுக்க முடியாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே 48 இலக்கங்களைத்தான் கேட்கும். ஆகவே அந்தப் பக்கம் வந்தவுடன், வேறெதையும் தொடாமல், முதலில் திறவெண்ணைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினியை அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைப்பேசி வழியாக நுழைந்தால், சாதனங்கள் பகுதியில் திறவெண்கள் வரிசையாக இருக்கும். நீலப்பக்கத்தில் திறவெண்ணின் அடையாளம் ஒன்று காட்டப்படும். அதன் முதல் எட்டு எழுத்துகளோடு எது ஒத்துப்போகிறதோ அதுவே நமக்கு வேண்டியது. அண்ணனின் கணினியை அமைத்துக் கொடுத்தவர் ஜொகூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன். மகன் தொலைபேசியில் எண்களைச் சொல்லச் சொல்ல, கடையில் கிடந்த மாதிரிப் பத்திரிகை அட்டை ஒன்றின் பின்புறத்தில் அவர் எழுதிக்கொண்டார்.

எண் கிடைத்த பிறகும் அதை நான் உடனே உள்ளிடவில்லை. பிட்லாக்கரின் பூட்டு டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கணினி எழும் விதத்தை அளந்து பார்த்து, அது வழக்கம்போல் இருந்தால் மட்டுமே டிபிஎம் திறவுகோலைக் கொடுக்கும். நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் இயங்கும் விண்டோஸ் கணினிகளில், செக்யூர் பூட்டின் நிலையும் அந்த அளவீட்டில் பெரும்பாலும் சேர்ந்திருக்கிறது. புதுப்பிப்பு அதை அணைத்துவிட்டிருந்தால், திறவெண்ணைக் கேட்பதற்கு அதுவே போதுமான காரணம். ஃபெர்ம்வேரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தபோது செக்யூர் பூட் அணைந்துதான் கிடந்தது. அதை இயக்கிச் சேமித்து, மறுபடியும் எழுப்பியபோது திறவெண் கேட்கும் பக்கம் வரவில்லை. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆலைத் திறவுகோல்களை மீட்டெடுக்கும் தேர்வும் அதே பட்டியலில் இருக்கும். அதை அழுத்தினால் செக்யூர் பூட்டின் பட்டியல்களே மாறி, டிபிஎம் எதிர்பார்க்கும் அளவீடு கிடைக்காமல் போகலாம். முதலில் செக்யூர் பூட்டை இயக்கும், அணைக்கும் தேர்வை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஏஎம்டி சில்லுள்ள மினி கணினிகளில் இதைவிட நேரடியான கேள்வி வருவதுண்டு. புதுப்பிப்புக்குப் பின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக, எஃப்டிபிஎம் (செயலிக்குள்ளேயே இயங்கும் டிபிஎம்) தரவு மாறிவிட்டது, மீட்டமைக்க ஒய், பழையதை வைத்துக்கொள்ள என் என்று கேட்கும். திறவெண் கையில் இல்லாதவர் ஒய்யை அழுத்தவே கூடாது. அழுத்தினால் டிபிஎம் வைத்திருந்த திறவுகோல் அழிந்துவிடும். அதற்குமேல் அந்த 48 இலக்கங்களைத் தவிர வேறு வழியில்லை.

அண்ணனின் கணினிக்கு இன்னொரு தடை மிச்சமிருந்தது. விண்டோஸின் வட்டம் சற்று நேரம் சுழன்று, பிறகு பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற நீலத்திரை வந்து நின்றது. வட்டு கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். எழும்பும் கோப்புகளை அந்த வட்டிலிருந்துதானே ஃபெர்ம்வேர் படித்தது? படிக்க முடிந்த வட்டு எப்படிக் கெட்டிருக்கும்? விண்டோஸ் தன் சொந்த இயக்கி மென்பொருளைக் கொண்டு வட்டைத் தேடத் தொடங்கியபோதுதான் அது காணாமல் போகிறது. ஆகவே வட்டை இணைக்கும் முறை மாறியிருக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் விஎம்டி என்றொரு அமைப்பு உண்டு. அது இயங்கினால் என்விஎம்இ வகை வட்டு நேரடியாகத் தெரியாமல் இன்டெலின் கட்டுப்படுத்திக்குப் பின்னால் போய்விடும். அதற்குரிய இயக்கி இல்லாமல் நிறுவப்பட்ட விண்டோஸுக்கு வட்டு இருப்பதே தெரியாது. பழைய ஃபெர்ம்வேரில் அணைந்திருந்த விஎம்டியைப் புதிய பதிப்பு இயக்கிவிட்டிருந்தது. அதை அணைத்ததும் கணினி நேராகத் திரைமுகப்புக்கு வந்தது. ஆவணி மாதக் கோப்புறையைத் திறந்து பார்த்த பிறகுதான் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரே புதுப்பிப்பில் மூன்று தடைகள்; ஒன்று நினைவகச் சோதனை, மற்ற இரண்டும் அமைப்புகளால் வந்தவை. இதில் எந்த இடத்தில் வட்டை அழித்திருந்தாலும் பத்திரிகைகள் அனைத்தும் போயிருக்கும். அதோடு விஎம்டி அப்படியே இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் நிறுவியின் பட்டியலில் வட்டே தெரியாமல், புது வட்டு வாங்கச் சொல்லும் வரை அது போயிருக்கலாம்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. செந்தூலில் என் வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் சிறிய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகை இயங்குகிறது. அதற்கு ஃபெர்ம்வேர் புதுப்பித்தபோது, பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரியோடு நின்றது. பூட் பதிவுகள் அழிந்துவிட்டால், ஃபெர்ம்வேர் ஒவ்வொரு வட்டிலும், எழுப்பும் கோப்புகளுக்கென்று ஒதுக்கிய இஎஃப்ஐ பகுதியில், பூட் என்ற கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64 என்ற பொதுப்பெயருள்ள கோப்பைத் தேடும். விண்டோஸ் அங்கே ஒரு படியை வைத்துவிடுவதால், பதிவு போனாலும் அது பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. டெபியன் தன் கோப்புகளைத் தன் பெயருள்ள கோப்புறையில் மட்டும் வைக்கிறது. ஆகவே பதிவு போனால் அதற்கு வழி தெரிவதில்லை. நிறுவல் பென்டிரைவைக் கொண்டு யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறையில் எழுப்பி, இஎஃப்ஐ பூட் மேலாளர் கருவியால் டெபியன் கோப்புறையிலுள்ள, செக்யூர் பூட் ஏற்கும் முதல் எழுப்பியான ஷிம் கோப்பைச் சுட்டும் பதிவை மறுபடியும் உருவாக்கினால் போதும். பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் எழுந்திருந்தால் அந்தக் கருவி வேலை செய்யாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சரியான பிறகு, லினக்ஸை எழுப்பும் கிரப் தொகுப்பை மறுஅமைவு செய்து, பொதுப்பெயரிலும் ஒரு படியை வைக்கும்படி சொல்லிவிட்டேன். அடுத்த புதுப்பிப்பில் பதிவுகள் மறுபடி அழிந்தாலும் அது தானாக எழும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், ஷிம்மின் எஸ்பிஏடி என்னும் பதிப்புத் தரவைச் சரிபார்க்க முடியவில்லை, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற வரி வந்து கணினி அணைந்துவிடுவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் பலருக்கு இது நேர்ந்தது. ஃபெர்ம்வேரை இதற்குக் குறைசொல்ல வேண்டாம். பிட்லாக்கர் திறவெண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் ஷிம், கிரப் இரண்டையும் புதுப்பித்து, மறுபடியும் செக்யூர் பூட்டை இயக்கிவிடலாம்.

உண்மையிலேயே ஃபெர்ம்வேர் பாதியில் எழுதப்பட்டு நின்ற கணினிகளும் உண்டு. அவற்றிலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இன்டெல் 2023-இல் கைவிட்டு ஆசுஸிடம் ஒப்படைத்த நக் என்ற மினி கணினி வரிசையில் மீட்பு வழியைத் தெளிவாக அமைத்திருந்தார்கள். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் ஃபெர்ம்வேர் கோப்பை வைத்து, பலகையிலுள்ள பயாஸ் பாதுகாப்பு ஜம்பர் என்னும் குட்டிச் செருகியைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால், அது தானே கோப்பைத் தேடி எழுதிக்கொள்ளும். முடிந்ததும் ஜம்பரைத் திரும்ப மாட்ட வேண்டும். மற்ற கருவிகளில் தயாரிப்பாளர் குறிப்பிடும் கோப்புப் பெயரும் விசைச் சேர்க்கையும் வேறுபடும்.

அதுவும் இல்லாவிட்டால், கடைசி வழியாக ஃபிளாஷ் சில்லை வெளியிலிருந்து கவ்விப் பிடித்து, சிஎச்341ஏ போன்ற எழுதுகருவியால் எழுத வேண்டும். இதை அனுபவமுள்ள பலகைத் தொழில்நுட்பரிடம் விடுவதே நல்லது. சில சில்லுகள் 1.8 வோல்ட்டில் இயங்குபவை; 3.3 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடலாம். எந்தத் தொழில்நுட்பரிடம் கொடுத்தாலும், எழுதுவதற்கு முன் பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமிக்கச் சொல்லுங்கள். கணினியின் வரிசை எண்ணும், விண்டோஸ் உரிமத் திறவுகோலும், பல பலகைகளில் பிணைய முகவரியும் அதற்குள்தான் இருக்கின்றன. வேறொரு கணினியின் கோப்பை அப்படியே எழுதிவிட்டால் இவையெல்லாம் மாறிவிடும்.

இவ்வளவும் படித்த பிறகு புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அதை நான் ஏற்கவில்லை. 2011-இல் வழங்கப்பட்ட செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதிய சான்றிதழ்களை ஏற்க, பல கணினிகளுக்கு ஃபெர்ம்வேர் புதுப்பிப்பும் தேவைப்படும். ஆகவே தயாராகிவிட்டுச் செய்வதே வழி. அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது எல்லாவற்றிலும் முக்கியம். அண்ணனிடம் அப்படங்கள் இருந்திருந்தால் விஎம்டியைக் கண்டுபிடிக்க ஊகமே தேவைப்பட்டிருக்காது. மீட்புத் திறவெண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு வேறிடத்தில் வைக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு முன் பிட்லாக்கரின் பாதுகாப்பை இடைநிறுத்த வேண்டும். இடைநிறுத்தம் குறியாக்கத்தை அகற்றுவதில்லை, டிபிஎம்மின் சோதனையை மட்டும் தற்காலிகமாகத் தள்ளிவைக்கிறது. விண்டோஸின் கணினித் தகவல் பக்கத்தில் தாய்ப்பலகையின் மாதிரி எண்ணைப் பார்த்து, அதற்குரிய கோப்பை மட்டுமே இறக்க வேண்டும்.

நேரத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும், மதியத்துக்குமேல் இடியும் மின்னலுமாகக் கொட்டுவது நமக்குப் பழகிப்போனது. அந்த நேரத்தில் ஃபெர்ம்வேரைத் தொடக் கூடாது. காலையில், யுபிஎஸ்ஸில் இணைத்து, சுவர் சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுச் செய்யலாம். மினி கணினி இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய யுபிஎஸ்ஸே போதும்.

கணினி எழுந்துவிட்டது என்று பெட்டியை மூடும் முன் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். மின்கலத்தைப் பிரித்திருந்தால் நாளும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போயிருக்கும்; அதைத் திருத்தாமல் இணையத்துக்குப் போனால் வங்கிப் பக்கம் முதல் எல்லாமே சான்றிதழ் பிழையைக் காட்டும். மற்றொன்று, மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது கணினி தானாக எழ வேண்டுமா என்ற அமைப்பு. புதுப்பிப்புக்குப் பின் இதுவும் பெரும்பாலும் அணைந்துவிடும். திரையில்லாமல் மூலையில் இருக்கும் கேமராக் கணினிகளும் கோப்புக் கணினிகளும் அடுத்த மின்தடைக்குப் பின் அப்படியே கிடப்பதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம். சோதிப்பது எளிது: கணினியை முறையாக நிறுத்தி, சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். பொத்தானைத் தொடாமல் விளக்கு எரிந்தால் பெட்டியைத் திரைக்குப் பின்னால் மறுபடியும் திருகி மாட்டிவிடலாம்.